இரண்டாம் சிலிண்டர்

நின்றுபோன இன்ஜின் வேறு, பிடித்துக்கொண்ட இன்ஜின் வேறு. நின்றுபோனதற்குப் பெட்ரோலோ பேட்டரியோ பாயிண்ட்டோ கண்டன்சரோ, எது இல்லையோ அதைக் கொடுத்தால் எழுந்துவிடும். பிடித்துக்கொண்டது எதைக் கொடுத்தாலும் எழாது. கிராங்க் புல்லி நட்டில் ஸ்பேனரை மாட்டி உடம்பின் எடை முழுவதையும் அதன்மேல் போட்டாலும் ஓர் இழைகூட நகராது. பட்டறைகளில் ‘இன்ஜின் ஜாம்’ என்பார்கள், ‘சீஸ் ஆயிடுச்சு’ என்பார்கள். அதே மூச்சில், ‘வேற இன்ஜின் போட்டுக்கங்க’ என்றும் சொல்லிவிடுவார்கள்.

என் அப்பாவின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு அப்படிப் பிடித்துக்கொண்டு, திருச்சி உறையூரில் எங்கள் வீட்டுப் பின்பக்க ஷெட்டில் பல வருஷம் கிடந்தது. அதை விடுவித்த கதையைத்தான் எழுதுகிறேன். இதே நிலையில் எத்தனையோ வீடுகளின் ஷெட்டுகளில் வண்டிகள் கிடக்கின்றன என்பதும், அவற்றில் பல காயலான் கடைக்குப் போக வேண்டியதில்லை என்பதும் எனக்குத் தெரியும் என்பதால் எழுதுகிறேன்.

ஹெரால்டைப் பார்த்திராதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். 1960களில் நம் நாட்டில் கார் என்றால் மூன்றுதான். கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் செய்த அம்பாசிடர், பம்பாயில் செய்த ஃபியட், நம் சென்னையை அடுத்த பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனி செய்த ஹெரால்டு. இங்கிலாந்தில் 1959-ல் ட்ரையம்ப் ஹெரால்டு என்ற பெயரில் வந்த வண்டி அது. உருவம் வரைந்தவர் இத்தாலிக்காரர், ஜியோவான்னி மிக்கலோட்டி. இங்கே 1961-லிருந்து ஓடத் தொடங்கியது. 25 அடி வட்டத்துக்குள் முழுசாகத் திரும்பிவிடும். உறையூர்ச் சந்துகளில் அப்பா அதை ஒரே வெட்டில் திருப்புவதைத் தெருவே நின்று பார்க்கும். பானட்டைத் தூக்கினால் இரண்டு பக்க மட்கார்டுகளும் சேர்ந்து முன்பக்கமாகச் சாய்ந்துவிடும். இன்ஜின் முழுசும் திறந்த வெளியில் நிற்கும். முன் டயர்மேல் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டு வேலை செய்யலாம். வேறு எந்தக் காரிலும் மெக்கானிக்கை இப்படி உட்காரவைத்து வேலை வாங்கியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

இன்ஜின் 948 சிசி. நான்கு சிலிண்டர். ஒவ்வொன்றும் 63 மில்லிமீட்டர் விட்டம், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 76 மில்லிமீட்டர். 1953-ல் ஸ்டாண்டர்டு எய்ட் என்ற சின்னக் காருக்காக 803 சிசியில் வந்த இன்ஜினையே விட்டம் பெருக்கிச் செய்தது. சிக்கனமான, எளிய இன்ஜின். உள்ளே ஒளித்துவைத்த விஷயம் எதுவும் இல்லை.

அப்பா அந்தக் காரை ஓட்ட எனக்குச் சொல்லித் தரவில்லை. தம்பிக்குச் சொல்லித் தந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் பானட்டைச் சாய்த்துவிட்டு அப்பாவும் தம்பியும் ஆளுக்கொரு டயரில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். நான் காபி கொண்டுபோய்க் கொடுப்பேன். கொஞ்ச நேரம் நின்றால், “கையெல்லாம் கிரீஸ் ஆயிடும், உள்ள போம்மா” என்பார். அன்பாகத்தான் சொல்வார். அன்பாகச் சொன்னதாலேயே எதிர்த்துப் பேச எனக்கு வாய் வரவில்லை. பிறகு நான் இயற்பியல் படித்தேன், அரசுப் பள்ளியில் ஆசிரியையானேன், நெம்புகோலையும் வெப்ப விரிவையும் கரும்பலகையில் எழுதி எழுதி வயதானேன். அப்பா போனார். தம்பி பெங்களூரில் குடியேறினான். கார் ஷெட்டில் கிடந்தது.

ஓய்வு பெற்ற பிறகு நான் அந்த ஷெட்டைத் திறந்தபோது, அப்பாவின் நினைவுக்காகச் செய்கிறாள் என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். நான் மறுக்கவில்லை. ஆனால் ஒப்புக்கொள்கிறேன், அதில் பாதிக்கு மேல் வீம்பு. அந்த டயரில் நான் ஒருநாள் உட்கார்ந்தாக வேண்டும் என்ற வீம்பு.

முதலில் வந்து பார்த்த மெக்கானிக் ஸ்பேனரை மாட்டி ஒரு தடவை அழுத்திப் பார்த்தார். நகரவில்லை. மாருதி இன்ஜின் ஒன்றைத் தூக்கி வைத்துவிடலாம், ஜம்மென்று போகும் என்றார். அது நடக்காத காரியமில்லை. பழைய வண்டிகள் பல அப்படித்தான் ஓடுகின்றன. எனக்கு மனம் ஒப்பவில்லை. சட்டமும் என் பக்கம் இருந்தது. 50 வயது தாண்டிய வண்டிகளை ‘விண்டேஜ்’ என்று தனியாகப் பதிவு செய்து ‘விஏ’ என்ற எழுத்துகளோடு நம்பர் கொடுக்கும் விதியை மத்திய அரசு 2021-ல் கொண்டுவந்தது. வண்டி மூல வடிவிலேயே இருக்க வேண்டும், சேஸியையோ பாடியையோ இன்ஜினையோ பெரிதாக மாற்றியிருக்கக் கூடாது என்பது அதில் உள்ள நிபந்தனை. இன்ஜினைத் தூக்கி எறிந்தால் அந்தத் தகுதியும் போய்விடும்.

அதன் பிறகுதான் பாய் வந்தார். பாலக்கரைப் பக்கம் பட்டறை நடத்தி, இப்போது அதை மகனிடம் விட்டுவிட்டவர். பேரனைத் துணைக்கு அழைத்துக்கொண்டு வந்தார். ஸ்பேனரை எடுக்கவில்லை. கேள்வி கேட்டார்.

“டீச்சரம்மா, இது ஓடிக்கிட்டு இருக்கும்போது புடிச்சுதா, நிறுத்தி வெச்சதுல புடிச்சுதா?”

“நிறுத்தி வெச்சதுலதான் பாய். அப்பா கடைசியா ஷெட்ல விடும்போது நல்லாத்தான் ஓடுச்சு.”

“அப்ப பயமில்ல.”

இந்த ஒரு கேள்வியில் பாதி வேலை முடிந்துவிட்டது என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. ஓட்டத்தில் பிடித்துக்கொள்ளும் இன்ஜினில் ஆயில் வற்றியிருக்கும், அல்லது தண்ணீர் கொதித்திருக்கும். பேரிங்கோ பிஸ்டனோ உருகி ஒட்டியிருக்கும். அதைத் திறக்காமல் தீராது. நின்ற இடத்தில் பிடித்துக்கொள்ளும் இன்ஜினில் உருகியது எதுவும் இல்லை. துருதான். துருவுக்கு ஒரு குணம் உண்டு. இரும்பு துருவாகும்போது இரண்டு மடங்குக்கும் மேல் இடம் கேட்கும். பிஸ்டன் ரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே இருக்கிற கொஞ்ச இடத்தையும் அது நிரப்பிக்கொள்கிறது. அந்தத் துருவை இளக்கிவிட்டால் கீழே இருப்பது பழைய இன்ஜின்தான்.

அடுத்து, பிடித்திருப்பது உண்மையில் இன்ஜின்தானா என்று பார்த்தார். நான் அதுவரை அப்படி யோசித்ததே இல்லை. கியரை நியூட்ரலில் போட்டுப் பார்த்தார். ஃபேன் பெல்ட்டைக் கழற்றி, டைனமோவும் வாட்டர் பம்பும் தனியாகச் சுற்றுகின்றனவா என்று கையால் சுற்றிப் பார்த்தார். செல்ஃப் மோட்டாரின் பின்பக்க மூடியை எடுத்தார். உள்ளே தண்டின் முனை சதுரமாக இருந்தது. செல்ஃபின் பல் சக்கரம் ஃப்ளைவீல் பல்லில் மாட்டிக்கொண்டால் இன்ஜின் ஜாம் ஆனது போலவே இருக்குமாம். அந்தச் சதுரத்தில் ஸ்பேனர் போட்டுத் திருப்பினால் விடுபட்டுவிடும். இதற்காகவே அப்படிச் சதுரமாகச் செய்திருக்கிறார்கள். ஐந்து நிமிஷ வேலை. இதைப் பார்க்காமலே இன்ஜினை இறக்கியவர்கள் இருக்கிறார்கள் என்றார் பாய். எங்கள் வண்டியில் செல்ஃப் சுதந்திரமாகத்தான் இருந்தது. ஆக, பிடித்திருப்பது உள்ளேதான்.

பிளக்குகளைக் கழற்றினோம். எதிலும் முதல் அழுத்தம் கழற்றும் பக்கம் இல்லை. முதலில் இறுக்கும் பக்கம் ஒரு பொட்டு, பிறகு கழற்றும் பக்கம். மரையில் உட்கார்ந்த துரு அந்தச் சின்ன அசைவில் உடைகிறது. நேரே கழற்றப் போனால் உடைவது துருவாக இருக்காது.

போனில் மாட்டிப் பார்க்கும் சின்னக் கேமரா ஒன்றை என் மருமகள் கொடுத்திருந்தாள். அதைப் பிளக் ஓட்டை வழியே விட்டோம். ஒன்றாவது சிலிண்டர் சாம்பல் நிறத்தில் சுத்தமாக இருந்தது. மூன்றாவதும் அப்படியே. நான்காவதில் அங்கங்கே செம்மண் தூவியது மாதிரிப் புள்ளிகள். இரண்டாவதில் பிஸ்டனைச் சுற்றி, சுவரோடு ஒட்டி, ஒரு பழுப்பு வளையம்.

ஏன் இரண்டாவது? ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். இந்த இன்ஜினில் தீப்பொறி போகும் வரிசை 1, 3, 4, 2. நிறுத்தும்போது ஒன்றாவது சிலிண்டர் வேலை செய்யும் இறக்கத்தில் நின்றிருந்தால், மூன்றாவது அமுக்கத்தில் இருக்கும். இரண்டுக்கும் வால்வுகள் மூடியிருக்கும். நான்காவதில் காற்று உள்ளே வரும் வால்வு திறந்திருக்கும். அதற்குக் காற்று ஃபில்டரைத் தாண்டித்தான் வர வேண்டும். இரண்டாவதில் புகை வெளியேறும் வால்வு திறந்திருக்கும். அந்த வழிக்குத் தடையே கிடையாது. சைலன்சர் குழாயின் வாயிலிருந்து பிஸ்டன் தலை வரைக்கும் ஒரே பாதை. ஒவ்வொரு ஐப்பசி கார்த்திகையிலும் ஈரக் காற்று அந்தக் குழாய் வழியே போய் அந்த ஒரு சிலிண்டரில் தங்கியிருக்கிறது. நான் பார்த்த நான்கு நிறங்களும் இந்தக் கணக்கோடு சரியாகப் பொருந்தின. முப்பது வருஷத்துக்கு மேல் கரும்பலகையில் வரைந்த நான்கு கட்டப் படம் என் வீட்டு ஷெட்டில் துருவாக எழுதியிருந்தது. அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இனி ஊறவைக்கும் வேலை. பாய் மண்ணெண்ணெயும் இன்ஜின் ஆயிலும் கலந்து ஊற்றுகிறவர். நான் அசிட்டோனும், பவர் ஸ்டீயரிங்குக்கு ஊற்றுகிற சிவப்பு ஆயிலும் பாதிக்குப் பாதி கலந்து பார்க்கலாம் என்றேன். அசிட்டோன் ஆயிலை மெல்லிசாக்கிக்கொண்டு சந்துக்குள் நுழையும், பிறகு ஆவியாகிப் போகும், ஆயில் உள்ளே தங்கும். இரண்டும் ஒன்றாகக் கலந்து நிற்காது. ஊற்றுகிற ஒவ்வொரு தடவையும் நன்றாகக் குலுக்க வேண்டும். பெயிண்டில் பட்டால் பெயிண்ட் போய்விடும். பக்கத்தில் நெருப்பு கூடவே கூடாது. துருவுக்கு என்று எல்லாக் கடைகளிலும் விற்கும் டபிள்யூடி-40 டப்பாவும் வீட்டில் இருந்தது. அது 1953-ல் அமெரிக்காவில், உலோகத்தின்மேல் இருக்கும் ஈரத்தை விரட்டுவதற்காகச் செய்த சரக்கு. பெயரிலேயே அந்த வேலை இருக்கிறது. சின்ன நட்டுக்கு நல்லது. ஆண்டுக்கணக்கில் இறுகிய பிஸ்டனில் நின்று ஊறும் வேலைக்கு அதை நான் நம்பவில்லை.

ஊற்றுவதற்கு முன் பாய் ராக்கர் கவரைத் திறந்து ராக்கர் ஷாஃப்ட்டைக் கழற்றிவிட்டார். ஒட்டிக்கொண்டிருக்கிற வால்வு ஒன்று இருந்து, இன்ஜின் சுற்றத் தொடங்கினால் புஷ் ராடு வளைந்துவிடும். இரண்டாவது சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு நிஜமாகவே ஒட்டித்தான் இருந்தது. ஆயில் விட்டு, சுத்தியலின் மரப்பிடியால் லேசாகத் தட்டித் தட்டி அதை இளக்கினோம். எட்டுப் புஷ் ராடுகளும் எந்தெந்த இடத்திலிருந்து வந்தனவோ அந்தந்த இடத்துக்கே திரும்பப் போக வேண்டும். ஒரு கல்யாணப் பத்திரிகை அட்டையில் எட்டு ஓட்டை போட்டு, நம்பர் எழுதி, வரிசையாகச் செருகிவைத்தேன். பாய் அதைப் பார்த்து, “இது டீச்சர் வேலை” என்றார். எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் அதை உயர்ந்ததாக வைத்திருக்கிறேன்.

நான்கு சிலிண்டரிலும் ஒரே அளவு ஊற்றினேன். ஒரு சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியைத் துடைத்து, பிளக் ஓட்டையில் விட்டு, எவ்வளவு நனைந்திருக்கிறது என்று பார்த்துச் சுவரில் சாக்பீஸால் எழுதிவைத்தேன். மறுநாள் காலையில் ஒன்றும் மூன்றும் காலி. ரிங் இடைவெளி வழியாகக் கீழே சம்ப்புக்கு இறங்கிவிட்டது. நான்காவதில் பாதி இறங்கியிருந்தது. இரண்டாவதில் ஊற்றியது ஊற்றியபடியே நின்றது. ஒரு சொட்டு இறங்கவில்லை.

அந்தக் கம்பிதான் எனக்கு எல்லாவற்றையும் சொன்னது. எங்கே ஆயில் இறங்கவில்லையோ அங்கேதான் துரு வழியை அடைத்திருக்கிறது. எப்போது இறங்கத் தொடங்குகிறதோ அப்போதுதான் துருவில் வழி உண்டாகிறது. அதற்கு முன் ஸ்பேனரைத் தொடுவதில் அர்த்தமே இல்லை. இந்த மாதிரி வேலைகளைப் பற்றிப் பேசும் எல்லாரும் ‘பொறுமை வேண்டும்’ என்கிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. பொறுமையாக ஒரே இடத்தில் நிறுத்திவைத்ததால்தான் இந்த இன்ஜின் துருப்பிடித்தது. சும்மா காத்திருப்பதால் எதுவும் இளகுவதில்லை. தினமும் கம்பியை விட்டுப் பார்த்து, எழுதி, குறைந்ததா என்று ஒப்பிட்டு, மறுபடி ஊற்ற வேண்டும். காத்திருக்கும் நேரத்தில் வேலை நடந்துகொண்டிருக்க வேண்டும்.

இதற்கிடையில் ஒருநாள் பாயின் பேரன் கேஸ் டார்ச்சைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். “பிளாக்க கொஞ்சம் சுட வெச்சா கழண்டுரும்ல தாத்தா?” என்றான். பாய் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். அசிட்டோன் இருக்கும் இடத்தில் நெருப்பு என்பது ஒரு காரணம். அது மட்டுமில்லை, காய்ந்த இன்ஜினாக இருந்தாலும் பிஸ்டனுக்குச் சூடு காட்டக் கூடாது என்றார். “சூடு பண்ணுனா இன்னும் இறுக்கும்டா.” ஏன் என்று பையன் கேட்டான். அனுபவம் என்றார் பாய்.

நான் சுவரில் எழுதிக் காட்டினேன். சிலிண்டர் வார்ப்பிரும்பு. பிஸ்டன் அலுமினியம். வெப்பத்தில் அலுமினியம் இரும்பைப்போல் இரண்டு மடங்கு விரியும். 63 மில்லிமீட்டர் விட்டத்துக்கு 100 டிகிரி சூடு ஏற்றினால் சிலிண்டர் ஏறக்குறைய 0.07 மில்லிமீட்டர் பெரிதாகும். உள்ளே இருக்கும் பிஸ்டன் 0.14-க்கும் மேல் பெரிதாகும். வெளியே இருப்பதைவிட உள்ளே இருப்பது அதிகமாகப் பெருத்தால் எப்படிக் கழலும்? மாட்டு வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை போடும்போது இரும்புப் பட்டையைக் காய்ச்சுகிறோம், மரச் சக்கரத்தைக் காய்ச்சுவதில்லை. பையன் சுவரை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பாயும் பார்த்தார். அவர் ஆயுளெல்லாம் கையால் அறிந்துவைத்திருந்த விஷயமும், நான் ஆயுளெல்லாம் எழுத்தில் சொல்லிக்கொடுத்த விஷயமும் அந்த ஷெட்டில் ஒன்றாக நின்றன. என் வேலைக்கு இப்படியொரு பயன் இருக்கும் என்று வகுப்பறையில் இருந்த காலத்தில் நான் நினைத்ததில்லை.

இரண்டாவது சிலிண்டரில் கம்பி ஒரு காலையில் முன்தினத்தைவிடக் கம்மியாக நனைந்து வந்தது. கொஞ்சம்தான். மறுநாள் இன்னும் கொஞ்சம். பாய்க்குப் போன் செய்தேன்.

நட்டில் நீளமான பைப்பைச் செருகி நெம்பவில்லை. பைப் நீளத்தைக் கூட்டினால் விசை எத்தனை மடங்கு கூடும் என்பது எனக்கு மனப்பாடம். அவ்வளவு விசையில் முதலில் போவது ரிங்காகவோ பிஸ்டனாகவோ கிராங்க் நட்டாகவோதான் இருக்கும். அதற்குப் பதில் வண்டியைக் கியரில் போட்டு முன்னும் பின்னும் அசைப்பது என்று முடிவு. டயர்களில் காற்றடித்து ஷெட்டிலிருந்து வாசலுக்குக் கொண்டுவந்தோம். பையன் ஃபர்ஸ்ட் கியரைப் போட்டான். கனமான வேலைக்கு ஃபர்ஸ்ட் கியர் என்பது ஓட்டுகிறவர் கணக்கு. இங்கே சக்கரம் இன்ஜினைச் சுற்ற வேண்டும், கணக்கு தலைகீழ். டாப் கியரில் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் இன்ஜின் நாலு சுற்றுக்கு மேல் சுற்றும். ஃபர்ஸ்ட்டில் அதைப்போல் பல மடங்கு சுற்ற வேண்டியிருக்கும், அதாவது நாம் தள்ளும் விசை இன்ஜினுக்கு அத்தனை பங்கு குறைந்துதான் போய்ச் சேரும். டாப் கியருக்கு மாற்றினோம். புல்லியிலும் அதன் எதிரே பிளாக்கிலும் ஒரே நேராகச் சாக்பீஸ் கோடு போட்டுவிட்டு நான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

முன்னால் ஒரு தள்ளு. பின்னால் ஒரு தள்ளு. மறுபடி முன்னால். கோடுகள் அப்படியே நின்றன. பாய் நிறுத்தச் சொல்லி, இரண்டாவது ஓட்டையில் இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னார். டீ குடித்தோம். மறுபடி தள்ளினார்கள். புல்லியில் இருந்த கோடு விலகியது. அரை நூல். ஓர் அங்குலத்தை எட்டாகப் பிரித்து அதில் ஒன்றின் பாதி.

நான் கத்திவிட்டேன். பையன் உற்சாகத்தில் இன்னும் பலமாகத் தள்ளப் போனான். பாய் அவன் தோளைப் பிடித்து நிறுத்தினார். “பின்னாடி வா. வந்த வழியே போ.”

இந்த இடத்தை நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் நிறைய இன்ஜின்கள் செத்துப்போகின்றன. அரை நூல் நகர்ந்த உற்சாகத்தில் மேலே மேலே தள்ளினால், ரிங் சுரண்டி எடுத்த துரு ரிங்குக்கு முன்னாலேயே குவிந்து ஆப்பு வைத்ததுபோல் இறுகும். வார்ப்பிரும்பு ரிங் வளையாது, உடையும். சுவரில் கீறல் விழும். அதனால் நகர்ந்த தூரம் வரை திரும்பி வர வேண்டும். அந்த அரை நூலுக்குள் பலமுறை போய்வர வேண்டும். ஆயில் அந்தத் துருப்பொடியை நனைத்துக் கீழே கொண்டுபோகட்டும். பிறகு ஒரு நூல். மறுபடி பின்னால். பிறகு இரண்டு நூல். மறுபடி பின்னால். சாயங்காலம் ஆகும்போது கோடு கால் வட்டம் போய்வந்தது. அன்றைக்கு அதோடு நிறுத்தி, நான்கிலும் ஊற்றி மூடினோம். மறுநாள் ஸ்பேனரில், கையின் பலத்தில், இன்ஜின் முழு வட்டம் வந்தது. பிளக் ஓட்டைகளிலிருந்து பழுப்பு நிறத்தில் ஆயில் பீய்ச்சி என் புடவையெல்லாம் ஆனது. அந்தப் புடவையை நான் துவைக்கப் போடவில்லை.

தம்பிக்கு வீடியோ அனுப்பினேன். “ஸ்டார்ட் பண்ணிடுக்கா!” என்றான். பண்ணவில்லை. இளகிவிட்டது என்பதால் குணமாகிவிட்டது என்றாகாது. ரிங் அதன் பள்ளத்துக்குள் ஒட்டியிருக்கலாம், சுவர் அரித்திருக்கலாம். ஹெட்டைத் திறந்தே ஆக வேண்டும் என்றார் பாய்.

ஹெட்டைத் திறக்க மேனிஃபோல்டு நட்டுகளைக் கழற்ற வேண்டும். அவையும் இறுகியிருந்தன. இங்கே டார்ச்சுக்கு வேலை வந்தது. மிச்சமிருந்த அசிட்டோனையெல்லாம் தூரத்தில் கொண்டுபோய் வைத்து, இடத்தைத் துடைத்துக் காயவிட்ட பிறகு. இங்கே வெளியே இருக்கும் நட்டை மட்டும் சூடேற்றலாம். உள்ளே இருக்கும் ஸ்டட் அவ்வளவு சூடாவதற்குள் நட்டு விரிந்து கொடுக்கும். சூடான நட்டின் விளிம்பில் பாய் ஒரு மெழுகுவத்தியை வைத்தார். மெழுகு உருகி மரைக்குள் ஓடி மறைந்தது. ஆறியதும் இறுக்கும் பக்கம் ஒரு பொட்டு, கழற்றும் பக்கம் ஒரு பொட்டு. கழன்று வந்தன. அவற்றில் ஒன்றை நானே கழற்றினேன், முன் டயரில் உட்கார்ந்துகொண்டு.

ஹெட்டை எடுத்துப் பார்த்தால் இரண்டாவது சிலிண்டரின் நடுவில், பிஸ்டன் இத்தனை காலம் நின்ற உயரத்தில், கறுத்த வளையம் ஒன்று இருந்தது. பாய் கண்ணை மூடிக்கொண்டு நகத்தால் மேலிருந்து கீழே தடவினார். நகம் எங்கும் மாட்டவில்லை. ரீபோர் வேண்டாம் என்றார். சம்ப்பை இறக்கிப் பிஸ்டன்களை மேல் வழியாக எடுத்து, சிலிண்டர்களை ஹோன் போட்டு, புது ரிங் மாட்டினோம். ரிங்குக்கும் ஹெட் கேஸ்கெட்டுக்கும் சென்னை புதுப்பேட்டையில் கடை கடையாக ஏறி இறங்கினேன். கிடைத்தன. அங்கே தேடத் தெரிந்தவருக்குக் கிடைக்காத பழைய சாமான் குறைவு.

மிச்சமெல்லாம் சாதாரண வேலை. கார்பரேட்டர், பாயிண்ட், புது பேட்டரி, பெட்ரோல் டேங்க் சுத்தம். சம்ப்பை இறக்கும் முன் பழைய ஆயிலை வடித்தபோது முதலில் தண்ணீர்தான் வந்தது. புது ஆயில் ஊற்றி, கொஞ்சம் ஓடியதும் அதையும் வடித்து மறுபடி ஊற்றினோம். இப்போது வண்டி ஓடுகிறது. காலை நேரத்தில் காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கம் வரைக்கும் நான் ஓட்டிக்கொண்டு போவேன். இரண்டாவது சிலிண்டரின் கம்ப்ரஷன் மற்ற மூன்றைவிடக் கொஞ்சம் கம்மிதான். அது அப்படியே இருக்கட்டும்.

வீம்பு தீர்ந்ததா என்று என் சிநேகிதி ஒருத்தி கேட்டாள். தீரவில்லை. அப்பா பார்க்கவில்லையே. ஆனால் அந்த வேலைக்குள் இறங்கிய பிறகு அப்பாவை நினைத்து நான் கோபப்பட நேரமே இல்லாமல் போனது உண்மை. கம்பி எவ்வளவு நனைந்திருக்கிறது என்பதுதான் அந்த நாட்களில் என் கவலை. அவருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் அப்படித்தான் இருந்திருக்கும் என்று தோன்றுகிறது. பாயின் பேரன் இப்போது பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் படிக்கிறான். சந்தேகம் வந்தால் வருகிறான். அவன் தங்கையையும் கூட்டிக்கொண்டு வா என்று சொல்லியிருக்கிறேன்.

உங்கள் வீட்டிலும் அப்பாவுடையதோ மாமாவுடையதோ ஒரு வண்டி நின்றுகொண்டிருந்தால், ஓடும் நிலையில் இருக்கும்போதே இதைச் செய்யுங்கள். ரொம்ப நாள் நிறுத்தப் போகிறீர்கள் என்றால் பிளக்கைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு, கையால் சில சுற்றுச் சுற்றி மூடுங்கள். சைலன்சர் வாயில் ஆயில் நனைத்த துணியைத் திணித்து, துணி இருக்கிறது என்று ஒரு சீட்டு எழுதி ஸ்டீயரிங்கில் கட்டுங்கள். மாதம் ஒருமுறை இன்ஜினைக் கையால் கொஞ்சம் சுற்றி, பிஸ்டன் நிற்கும் இடத்தை மாற்றிவையுங்கள். ஏற்கெனவே பல வருஷமாக நின்றுவிட்ட வண்டி என்றால் பேட்டரியை மாட்டி, ஓடுகிறதா பார்ப்போம் என்று செல்ஃபை மட்டும் அழுத்திவிடாதீர்கள். முதலில் பிளக்கைக் கழற்றி உள்ளே பாருங்கள்.